அணில் ஏறாத தட்டு

அந்த அணிலுக்கு ஒரு முடிவு கட்டாமல் விடுவதில்லை என்று சித்திரை அமாவாசையன்று வெறும் வயிற்றோடு சபதம் எடுத்தேன். முடிவு என்றதும் வேறு மாதிரி நினைத்துவிடாதீர்கள். ராமர் தடவிக் கொடுத்த முதுகு அது. அதன் மேல் ஒரு கல் விழுந்தால் என் மேல் என் மனைவி விழுவாள். நான் சொன்னது விஞ்ஞானபூர்வமான முடிவு.

என் பெயர் குணசேகரன். மனைவி பெயர் சுகுணா. இரண்டு பேர் பெயரிலும் குணம் இருக்கிறது, சுகம் அவள் பெயரில் மட்டும்தான். விராலிமலையில் எங்களுக்கு ஒரு சின்ன வீடு. (வீடுதான் சின்னது. வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள எனக்குத் தைரியம் கிடையாது.) நான் பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர். சோதனைக் குழாய்களைக் கழுவிக் கழுவி விஞ்ஞானம் என் கையில் ஊறிவிட்டது என்று நான் நம்புகிறேன். கை மட்டும்தான் ஊறியிருக்கிறது என்று சுகுணா சொல்கிறாள்.

அமாவாசை என்றால் எங்கள் வீட்டில் விரதம். சமைத்து, படைத்து, மொட்டைமாடிச் சுவரில் ஒரு உருண்டைச் சோறும் ஒரு வடையும் வைத்து, "கா... கா..." என்று கூப்பிட வேண்டும். காக்கா வந்து வாய் வைத்த பிறகுதான் நாங்கள் இலையில் உட்காரலாம். போன வைகாசியில் என் மாமனார் சிவசாமி காலமானார். அவர் மகன் ரகுநாத் சிங்கப்பூரில் இருக்கிறான், திதியை அங்கேயே கோயிலில் கொடுத்துவிடுகிறான். படையல் மட்டும் எங்கள் வீட்டில். அதனால் வருகிற காக்கா தன் அப்பாதான் என்று சுகுணா முடிவு செய்துவிட்டாள்.

மாமனார் உயிரோடு இருந்தவரை எனக்கு அவரிடம் பயமே இருந்ததில்லை. நல்ல மனிதர், அதிகம் பேச மாட்டார். காக்காவாக வர ஆரம்பித்த பிறகுதான் பயம் வந்தது. கழுத்தைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்ப்பார் பாருங்கள், கொடுத்த சீர்வரிசைக்கெல்லாம் கணக்குக் கேட்பது மாதிரி இருக்கும்.

அன்றைக்கும் அப்படித்தான். சோற்றை வைத்து நகர்ந்தோம். முருங்கை மரத்திலிருந்து அணில் குதித்தது. உருண்டையைச் சிதைத்தது. வடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஏதோ கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி சாவகாசமாகத் தின்றது. காக்கா வந்தது. டிவி டிஷ் மேல் உட்கார்ந்து அணிலைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, பறந்துவிட்டது. என் வயிறு சத்தம் போட்டது.

"என்னங்க, அப்பா இந்த மாசமும் வாய் வைக்காமப் போயிட்டாரு."

"அவரு எங்கிட்டு வைக்கிறது? அதான் அம்புட்டையும் அணில் தின்னுருச்சே."

"அணில் ஒரு சாக்குங்க. அவருக்கு மனசுல ஒரு கொறை இருக்கு."

"என்ன கொறை?"

"ஆத்தா அங்க தனியாக் கெடக்குறதுதான்."

பசி போய்விட்டது. அந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது.

சுகுணா ஆத்தா என்று சொல்வது தன் அம்மாவை, அதாவது என் மாமியார் செவந்தியை. திருமயம் பக்கத்தில் கிராமத்து வீட்டில் தனியாக இருக்கிறார். மாப்பிள்ளையிடம் நேருக்கு நேர் பேசக் கூடாது என்கிற பழைய மரியாதையை இன்னும் விடாதவர். அதனால் பேசவே மாட்டார் என்று நினைக்காதீர்கள். என்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜிடம் சொல்லுவார்.

நான் இன்னொரு தோசைக்குக் கை நீட்டினால் போதும். "இந்தக் காலத்துல சுகரு, பிரஷருன்னு ஓடுறாங்க. வாயக் கட்டத் தெரிஞ்சா எதுக்கு ஓடணும்?" என்பார் ஃபிரிட்ஜைப் பார்த்து. ஃபிரிட்ஜ் "ம்ம்ம்ம்" என்று ஆமோதிக்கும். மாதத் தவணை கட்டி நான் வாங்கிய ஃபிரிட்ஜ் அது. ஒரு தடவைகூட என் பக்கம் பேசியதில்லை. அவர் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனால் அடுத்த ஒரு மாதத்துக்கு அதைத் திறக்காமல் குழாய்த் தண்ணீரைத்தான் குடிப்பேன். சிங்கப்பூருக்கு வரச் சொல்லி ரகுநாத் எத்தனையோ தடவை கூப்பிட்டான். அவர் போகவில்லை. அங்கே உள்ள ஃபிரிட்ஜுக்குத் தமிழ் தெரியாது என்று யோசித்திருப்பார்.

ஒரு வாரத்துக்கே இந்தக் கதி. நிரந்தரமாக வந்துவிட்டால்?

சுகுணா ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒரு வருஷமாக என்னைக் காப்பாற்றியது எங்கள் வீட்டுச் சாமான் ரூம். திருமயம் கோட்டையைக்கூடப் பிடித்துவிடலாம், அந்த ரூமுக்குள் நுழைய முடியாது. கால் உடைந்த கட்டில், ஓடாத கூலர், காலி பெயிண்ட் வாளிகள், இரும்புப் பைப்புகள், மூடி தொலைந்த அண்டா, அண்டா தொலைந்த மூடி என்று கூரை வரை அடுக்கி வைத்திருந்தேன். "ஆத்தாவக் கூட்டிட்டு வருவோமா?" என்று அவள் கேட்கும்போதெல்லாம், "கூட்டிட்டு வரலாம்தான். எடம் வேணுமே சுகுணா!" என்று முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்வேன். தனியாக இருக்கும்போது அந்த வருத்தத்தைக் கண்ணாடி முன்னால் பழகியும் வைத்திருந்தேன்.

இப்போது எதிர்க்கட்சியில் காக்காவும் சேர்ந்துவிட்டது. இனி இடமில்லை என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது.

"இங்க பாரு சுகுணா," என்றேன். "வைகாசியில மாமாவுக்குத் தலைத் திவசம் வருது. அன்னைக்கு அணில் தொட முடியாத மாதிரி ஒரு தட்டு செஞ்சு அதுல சோறு வைக்கிறேன். காக்கா வந்து சாப்புட்டுச்சுன்னா மாமாவுக்கு ஒரு கொறையும் இல்லைன்னு அர்த்தம். அத்தை பாட்டுக்கு ஊருல நிம்மதியா இருக்கட்டும்."

"சாப்புடலைன்னா?"

"சாப்புடலைன்னா நீ சொல்றபடி."

"சத்தியமா?"

"சத்தியமா."

சுகுணா பக்கத்து மாடியைப் பார்த்தாள். அங்கே அடைக்கலம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். மினி பஸ் ஓட்டுகிறவர். எங்கள் வீட்டில் என்ன நடந்தாலும் அவருக்குத் துணி காயப்போட வேண்டி வரும்.

"அடைக்கலண்ணே, கேட்டுக்கிட்டீங்களா?"

"எல்லாம் கேட்டேன் தங்கச்சி. நான் சாட்சி."

அவள் இவ்வளவு சீக்கிரம் சம்மதித்தபோதே நான் பயந்திருக்க வேண்டும். பயந்தேன். ஆனால் அவளைப் பார்த்துப் பயப்படாமல் அணிலைப் பார்த்துப் பயந்துவிட்டேன்.

கோடை விடுமுறை என்பதால் மறுநாளே ஆராய்ச்சியைத் தொடங்கினேன்.

முதல் திட்டம், தொங்கும் தட்டு. சுவரிலிருந்து ஒரு பைப்பை நீட்டி, அதில் நைலான் கயிறு கட்டி, தட்டை அந்தரத்தில் விடுவது. "சுகுணா, ஒரு பைப்பு வேணுமே?"

"சாமான் ரூமுல எம்புட்டோ கெடக்கு. எடுத்துக்கங்க."

"முன்னாடி கட்டில் மறிக்குது."

"அதையும் மேல கொண்டு போயிருங்க. ஏறி நின்னு வேலை செய்ய ஆகும்ல?"

கட்டிலை மாடிக்கு ஏற்றினேன். ஒரு தட்டில் கொஞ்சம் சோறு வைத்துத் தொங்கவிட்டு மறைந்து நின்றேன். அணில் வந்தது, மேலே பார்த்தது. பைப்பில் நடந்து, கயிற்றில் தலைகீழாக இறங்கி, தட்டில் உட்கார்ந்தது. தட்டு ஆட ஆரம்பித்தது. ஊஞ்சலும் போட்டு, சாப்பாடும் போட்ட வீடு அதற்கு விராலிமலையிலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும்.

இரண்டாவது திட்டம், வழுக்கும் கம்பம். தட்டைப் பைப்பின் உச்சியில் வைத்து, பைப்பு முழுக்க கிரீஸ் தடவுவது. கிரீஸ் அடைக்கலம் கொடுத்தார். பைப்பை நிறுத்த ஒரு வாளி வேண்டும், வாளியில் போட மணல் வேண்டும், மணல் அள்ளச் சட்டி வேண்டும். எல்லாம் சாமான் ரூமிலிருந்து மேலே வந்தது. நான் ஒவ்வொன்றாகத் தூக்கிப் போக, சுகுணா படிக்கட்டில் வழிவிட்டு நின்றாள். "எடுத்ததத் திரும்ப உள்ள கொண்டாந்து போடாதீங்க. நாளைக்கு வேற எதுக்காவது தேவைப்படும்" என்றாள். என் விஞ்ஞானத்தை அவள் மதித்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் அடுத்த நடையில் இரண்டு வாளியாகத் தூக்கினேன்.

சிறிது நேரத்தில் மாடியிலிருந்து தொப்பென்று ஒரு சத்தம்.

"என்னங்க, அணில் வழுக்கி விழுந்துருச்சா?" என்று கீழேயிருந்து கேட்டாள்.

"இல்ல. நான்."

இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து பார்த்தபோது அணில் தட்டில் இருந்தது. பைப்பை அது தொடவே இல்லை. கட்டில் மேல் ஏறி, அங்கிருந்து குதித்திருக்கிறது. சுவரோரம் கடலைத் தோல் கொஞ்சம் சிதறிக் கிடந்தது. அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விஞ்ஞானிக்கு இடுப்பு வலிக்கும்போது கவனம் கொஞ்சம் சிதறத்தான் செய்யும்.

மூன்றாவதாக, அந்த அண்டா தொலைந்த மூடியைத் தட்டுக்குக் கீழே கவிழ்த்து மாட்டினேன். ஏறி வந்தால் மூடி இடிக்கும், தாண்ட முடியாது. ஆனால் அணில் முருங்கைக் கிளையிலிருந்து நேராகத் தட்டுக்கே குதித்துவிட்டது.

"முருங்கைய வெட்டிருவோமா சுகுணா?"

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "அப்பா கொம்பு ஒடிச்சுக் கொண்டாந்து நட்ட போத்துங்க அது" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. நான்தான் இரண்டு அடி பின்னால் நகர்ந்துகொண்டேன்.

கிளைக்கு எட்டாமல் மாடியின் நட்டநடுவில் வைத்தால்தான் சரிவரும். கிரீஸ் பைப்பைத் தொட எனக்குப் பயம். வேறு கம்பு தேடியபோது ஒட்டடைக் கம்பு கிடைத்தது. நல்ல மூங்கில், ஆளை விட உயரம். பெயிண்ட் வாளியில் ஜல்லியும் சிமெண்டும் போட்டு அதை நட்டேன். இனி மறைப்பு ஒன்று வேண்டும், மூடியை விட அகலமாக. கூலரையும் தூக்கி மேலே வைத்த பிறகு சாமான் ரூமின் கடைசிச் சுவர் தெரிந்தது. அந்தச் சுவரை நான் பார்த்தே ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும். அதில் ஆணியில் ஒரு கறுப்புக் குடை தொங்கியது. வளைந்த பிடி, அகலமான துணி. மாமனார் கடைசியாக வந்தபோது விட்டுவிட்டுப் போனது.

குடையை எடுத்துக்கொண்டு போய் சுகுணா முன் நின்றேன். அவள் அதை வாங்கிப் புடவைத் தலைப்பால் தூசியைத் துடைத்தாள்.

"எடுத்துக்கங்க. அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

குடையை விரித்து, பிடியைக் கம்போடு சேர்த்துக் கட்டி, உச்சிக் கம்பியில் தட்டைப் பொருத்தினேன். அணில் வந்தது. கம்பில் ஏறியது. குடைக்குள் போய் இங்கிட்டும் அங்கிட்டும் சுற்றியது. வெளியே வர வழி இல்லை. இறங்கியது. கட்டிலில் ஏறிக் குதித்துப் பார்த்தது. குடைத் துணியில் சறுக்கிக் கீழே விழுந்தது. எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தது.

நான் மொட்டைமாடியில் ஆடினேன். ஆய்வக உதவியாளன் ஆட்டம் என்பதால் அழகாக இருந்திருக்காது. மாமியார் திருமயத்திலேயே இருப்பார், ஃபிரிட்ஜ் ஊமையாகிவிடும், நான் எத்தனை தோசை வேண்டுமானாலும் சாப்பிடலாம்!

அப்போதுதான் டிஷ் மேல் காக்கா வந்து உட்கார்ந்தது.

குடையைப் பார்த்தது. கழுத்தைச் சாய்த்து மறுபடி பார்த்தது. பிறகு கத்தியது பாருங்கள், அந்த மாதிரிக் கத்தலை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. இன்னொரு காக்கா வந்தது. அதுவும் கத்தியது. கோயில் பக்கமிருந்து வந்தன, பஸ் ஸ்டாண்ட் பக்கமிருந்து வந்தன. முருங்கை கறுத்தது, கரண்ட் கம்பி கறுத்தது, தண்ணீர்த் தொட்டி கறுத்தது. விராலிமலையில் மயில்தான் அதிகம் என்று அதுவரை நான் நினைத்திருந்தது தவறு.

பக்கத்து மாடியில் அடைக்கலம் காய்ந்த துணியையே திரும்பக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், வெனைய இழுத்து விட்டுக்கிட்டீங்க! கடலைக் காட்டுல காக்காய வெரட்ட கறுப்புத் துணி கட்டித் தொங்கவிடுவோம்ல? செத்த காக்கான்னு நெனைச்சுக்கும். இம்புட்டுப் பெரிய கொடையப் பாத்தா என்ன நெனைக்கும்?"

"என்ன நெனைக்கும்?"

"அதுங்க கூட்டத்துத் தலைவரே போயிட்டாருன்னு நெனைக்கும்."

"சரி. யாரு... யாரு கொன்னதுன்னு நெனைக்கும்?"

"பக்கத்துல யாரு நிக்கிறதோ அவங்கதான் சார்."

பக்கத்தில் நான்தான் நின்றேன். கூடவே ஆடியும் இருந்தேன். என் உச்சந்தலையில் ணங்கென்று முதல் கொத்து விழுந்தது. படிக்கட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. கதவைச் சாத்தி, அதில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தேன்.

"காக்கா மொகத்த மறக்காது சார்!" என்று அடைக்கலம் பக்கத்து மாடியிலிருந்தே ஆறுதல் சொன்னார். "கவர்மெண்டு டெப்போவுல ஒருத்தரு ரிட்டயர் ஆகுற வரைக்கும் கொத்து வாங்குனாரு."

அன்றிலிருந்து என் வாழ்க்கை ஹெல்மெட்டுக்குள் நடந்தது. பால் வாங்க ஹெல்மெட், வாசலில் பேப்பர் எடுக்க ஹெல்மெட். வண்டி இல்லாமல் ஹெல்மெட்டோடு நடந்துபோனால் தெருவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டீக்கடை வாசலில் ஒரு காக்கா என்னைப் பார்த்துவிட்டு இன்னொரு காக்காவிடம் ஏதோ சொன்னது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

திவசம் நெருங்கிக்கொண்டிருந்தது. குடை இருந்தால் காக்கா கிட்டே வராது. குடையை எடுத்தால் அணில் வரும். எடுக்கலாம் என்றால் மாடிக்குப் போக முடியாது. ஒரு காலை நேரம் தைரியத்தைத் திரட்டி மாடிக் கதவைத் திறந்தேன். எதிரே சுவரில் ஒரு காக்கா எனக்காகவே உட்கார்ந்திருந்தது. கழுத்தைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தது. "மன்னிச்சுக்கங்க மாமா" என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"என்னங்க, மேல ஒரே காக்காச் சத்தமா இருக்கு?" என்றாள் சுகுணா.

"ஒண்ணுமில்ல. புது ஐட்டம் பாரு, ஆசையா வந்து பாக்குதுங்க."

"அப்பாவோட கொடைய அவரு சாதிசனம் அடையாளம் கண்டுக்கிருச்சு போல."

அவள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். மதியம் எனக்குக் கீரை இறங்கவில்லை, சோறும் இறங்கவில்லை.

திவசத்தன்று காலையிலேயே மாமியார் வந்து இறங்கினார். கையில் ஒரு பை, பின்னால் ஆட்டோக்காரர் கையில் ஒரு டிரங்குப் பெட்டி, கக்கத்தில் ஒரு தலையணை.

"ஒரு நாள் விசேஷத்துக்கு எதுக்கு சுகுணா பொட்டி?" என்று ரகசியமாகக் கேட்டேன்.

"படையலுக்குச் சாமாங்க."

"தலகாணியுமா?"

"வயசானவங்க. பஸ்ஸுல சாஞ்சுக்கிட்டு வரணும்ல?"

மாமியார் உள்ளே வந்தார். ஹெல்மெட்டோடு நின்ற என்னைப் பார்த்தார். நேராக ஃபிரிட்ஜிடம் போனார். "வீட்டுக்குள்ள வண்டி ஓட்டுறாங்களாக்கும்?" என்று கேட்டார். ஃபிரிட்ஜ் "ம்ம்ம்ம்" என்றது.

உச்சிப் பொழுதில் மாமனார் படத்துக்கு மாலை போட்டு, இலை போட்டு, அவருக்குப் பிடித்ததெல்லாம் வைத்துப் படைத்தார்கள். அடைக்கலமும் வந்திருந்தார், சாட்சியாயிற்றே. சுகுணா ஒரு உருண்டைச் சோறும் வடையும் எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"போங்க. ஒங்க தட்டுல வச்சுட்டு வாங்க."

படியேறினேன். கதவைத் திறந்தேன். ஒரு அடிதான் எடுத்து வைத்திருப்பேன். முருங்கை மரமே எழுந்து பறந்து வந்தது. ணங், ணங், ணங் என்று ஹெல்மெட்டில் கொத்து விழுந்தது. தட்டுக்குப் பக்கத்தில் போகவே முடியவில்லை. சோற்றோடு கூலரைச் சுற்றி ஓடினேன், கட்டிலைச் சுற்றி ஓடினேன். கடைசியில் கட்டிலுக்கு அடியிலேயே புகுந்துகொண்டேன். உருண்டை மட்டும் எப்படியோ கையில் பத்திரமாக இருந்தது.

கதவருகே நின்று சுகுணா பெருமூச்சு விட்டாள். "அண்ணே, பாத்தீங்களா? வாய் வைக்கிறதா? பங்காளிகளக் கூட்டிட்டு வந்துல்ல கோவப்படுறாரு!"

"சார் தோத்துட்டாரு தங்கச்சி" என்றார் அடைக்கலம்.

அப்போது மாமியார் மேலே வந்தார். அவரைக் காக்காக்கள் ஒன்றும் செய்யவில்லை. நேராகக் குடைக்குப் போனார். அதைக் கையால் தொட்டார். பக்கத்திலிருந்த தண்ணீர்த் தொட்டியிடம், "வெயிலு மழைன்னு அவரு கூடவே வந்த கொடை. இத ஏன் இப்புடிக் கட்டிப் போட்டுருக்கு?" என்று கேட்டார். தொட்டிக்குப் பதில் தெரியவில்லை. கட்டை அவிழ்த்தார், தட்டைக் கழற்றினார், குடையை மடக்கினார், கக்கத்தில் வைத்துக்கொண்டார். மேலே கத்திக்கொண்டிருந்த கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. ஒவ்வொன்றாகக் கலைந்து போயின.

கட்டிலுக்கு அடியில் கை நீட்டினார். நான் உருண்டையைக் கொடுத்தேன். அதைச் சும்மா கைப்பிடிச் சுவரில் வைத்தார். "கா... கா..." என்றெல்லாம் அவர் கூப்பிடவில்லை.

"வாங்க. வெயிலாயிப் போச்சு. வந்து ஒரு வாய் சாப்புடுங்க."

அத்தனை வருஷம் மதியத்தில் வயலிலிருந்து வந்த மாமனாரைக் கூப்பிட்ட அதே குரலாக இருக்க வேண்டும். இப்போது அந்தக் கிராமத்து வீட்டில் அப்படிக் கூப்பிட அவருக்கு யாரும் இல்லை என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. ஹெல்மெட்டுக்குள் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ள வழியில்லாமல் அப்படியே கிடந்தேன்.

ஒரு காக்கா வந்தது. சுவரில் உட்கார்ந்தது. கழுத்தைச் சாய்த்து மாமியாரைப் பார்த்தது. குனிந்து சோற்றில் வாய் வைத்தது.

அணில் எங்கே? என் விஞ்ஞான மூளை விழித்துக்கொண்டது. இந்நேரம் வந்து கலைத்திருக்க வேண்டுமே! தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். மாடியின் மறு மூலையில் சுகுணா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் கடலை. நாக்கைச் சொடுக்கி ஒவ்வொன்றாகக் கொடுக்க, அவள் காலடியில் உட்கார்ந்து அணில் தின்றுகொண்டிருந்தது. வேறு எதையும் அது ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. புதிதாக வந்த அணில் அப்படி உட்காராது. அது நெடுநாள் பழக்கம். சுவரோரம் கிடந்த கடலைத் தோல் எனக்கு ஞாபகம் வந்தது. எந்த மாதமும் அவள் இதே மாதிரி மூலைக்குக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

அதைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் பந்தயம் பந்தயம்தான். கட்டிலுக்கு அடியிலிருந்து உருண்டு வெளியே வந்தேன்.

"சுகுணா! காக்கா சாப்புட்டுருச்சு! அண்ணே, நீங்கதான் சாட்சி! மாமாவுக்கு ஒரு கொறையும் இல்ல! நான் ஜெயிச்சுட்டேன்!"

"ஆமா தங்கச்சி, சார் ஜெயிச்சுட்டாரு" என்றார் அடைக்கலம். அவர் எப்போதும் கடைசியாகப் பேசியவர் கட்சி.

"நான் இல்லைன்னு சொல்லலையே" என்றாள் சுகுணா. மடியைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "அப்பாவுக்கு ஒரு கொறையும் இல்லதான். ஆனா ஆத்தா கையால வச்சாத்தான் சாப்புடுறாரு. அடுத்த அமாவாசைக்கு யாருங்க வைக்கிறது? நீங்க வைக்கிறீங்களா?"

காக்கா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. நான் ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

"அத்தை வந்து இருக்குறதுல எனக்கு என்ன சுகுணா? தாராளமா இருக்கட்டும்" என்றேன். ஒரு வருஷமாகப் பழகிய வருத்தத்தை முகத்தில் கொண்டுவந்தேன். "ஆனா எடம் வேணுமே? அந்தச் சாமான் ரூமு..."

என் முன்னால் கட்டில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் கூலர் இருந்தது. வாளிகள், பைப்புகள், சட்டி, அண்டா, மூடி என்று என் கோட்டை முழுவதும் மொட்டைமாடியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றையும் நானே இடுப்பு வலியோடு தூக்கி வந்து வைத்திருந்தேன்.

கீழே ஓடினேன். சாமான் ரூம் திறந்திருந்தது. கழுவிவிட்டிருந்த தரை. ஜன்னலில் புதுத் திரை. சுவரோரம் டிரங்குப் பெட்டி, அதன் மேல் தலையணை. மாமியார் என்னைத் தாண்டி உள்ளே போனார். ஆணியில் குடையை மாட்டினார். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். வெளியே வந்து ஃபிரிட்ஜின் முன்னால் நின்றார்.

"மாப்புள்ளை ரூம நல்லாத்தான் ஒழிச்சுக் குடுத்துருக்காரு. மூலையில ஒட்டடையத்தான் விட்டுட்டாரு."

"ம்ம்ம்ம்" என்றது ஃபிரிட்ஜ்.

ஒட்டடைக் கம்பை எடுத்து வர, ஹெல்மெட்டை இறுக்கிக்கொண்டு மறுபடி மாடிக்குப் போனேன்.